வெடோலிசுமாப்: குடலின் நாளச் சுவரில் வெள்ளணுக்களை ஒட்டவிடாத மருந்து – ஒரு பயனாளியின் மதிப்புரை

வெடோலிசுமாப் நல்ல மருந்து. ஆனால் அவசரத்துக்கு உதவும் மருந்து அன்று. பெருங்குடல் புண் அழற்சி நோயோடு பல ஆண்டுகள் வாழ்ந்து, மெசலமைன் மாத்திரை, ஸ்டீராய்டு, அசாதையோபிரின் என்று வழக்கமான படிகளையெல்லாம் ஏறி இறங்கிய பிறகு இம்மருந்துக்கு வந்து சேர்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இதன் சிறப்புகளாக மருத்துவர்கள் எடுத்துச் சொல்வனவும், குறைகளாக நோயாளிகள் முறையிடுவனவும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை. இரத்தத்தில் ஓடும் வெள்ளணு ஒன்று குடலின் நாளச் சுவரில் எப்படி ஒட்டுகிறது என்பதில்தான் அந்த வேர் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் இம்மருந்துக்கு மதிப்பெண் போடுவது நியாயமாகாது என்பதால், ஒரு மதிப்புரைக்கு வழக்கமில்லாத அளவுக்கு உடலியலைப் பேச வேண்டியிருக்கிறது.

அழற்சி என்றதும் வீக்கம், சிவப்பு, சூடு, வலி ஆகியவை நினைவுக்கு வரும். குடலில் அது இரத்தம் கலந்த பேதியாகவும், நள்ளிரவில் எழுப்பிவிடும் அவசரமாகவும், கொலோனோஸ்கோப்பித் திரையில் தொட்டாலே கசியும் செந்நிறச் சவ்வாகவும் தெரிகிறது. இத்தனைக்கும் காரணமான வெள்ளணுக்கள் இரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும் வரை குடலுக்குக் கெடுதல் எதுவும் செய்வதில்லை. அவை நாளத்தை விட்டு வெளியேறித் திசுவுக்குள் புகுந்தாக வேண்டும். அதற்கு முன், ஓடும் இரத்தத்தின் இழுப்பை மீறிச் சுவரில் நின்றாக வேண்டும். இது நடப்பது பெரிய தமனிகளில் அன்று. தந்துகிகளைக் கடந்த இரத்தம் மீண்டும் ஒன்றுசேரத் தொடங்கும் நுண்சிரைகளில். அங்கே ஓட்டம் மந்தமாகிறது. சிவப்பணுக்கள் நடுவில் திரண்டு ஓட, வெள்ளணுக்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுச் சுவரை உரசியபடி செல்கின்றன. உயிருள்ள தவளையின் மெல்லிய திசுக்களை நுண்ணோக்கியின் கீழ் விரித்து வைத்து இதை 19ஆம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டார்கள். வெள்ளணுக்கள் சுவரில் ஒதுங்கி, நின்று, மெல்ல வெளியே ஊடுருவுவதை ஜெர்மானிய நோயியலாளர் ஜூலியஸ் கோன்ஹைம் 1867இல் விரிவாகப் பதிவு செய்தார். எந்த மூலக்கூறு எதைப் பிடிக்கிறது என்பது தெளிவாக இன்னும் நூறாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

நாளச் சுவர் இதில் வெறும் பார்வையாளர் அன்று. திசுவில் தொல்லை எழுந்ததும் டி.என்.எஃப், இன்டர்லூக்கின்-1 போன்ற சமிக்ஞைப் புரதங்கள் வெளிப்பட்டுச் சுவரின் உள்வரிச் செல்களைத் தட்டி எழுப்புகின்றன. அச்செல்கள் சிறு பைகளில் முன்கூட்டியே சேமித்து வைத்திருக்கும் பி-செலக்டின் சில நிமிடங்களில் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. புதிதாகத் தயாரிக்க வேண்டிய இ-செலக்டினுக்குச் சில மணி நேரம் பிடிக்கிறது. செலக்டின்கள் வெள்ளணுவின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றுபவை. ஒரு பிடி உடனே விட்டுப்போகும், அதற்குள் அடுத்தது பற்றிவிடும். இப்படிப் பற்றியும் விட்டும் வெள்ளணு சுவரின் மேல் உருண்டு செல்கிறது. இப்பிடிகளுக்கு ஒரு விந்தையான குணம் உண்டு: ஓர் எல்லை வரை இழுக்க இழுக்க அவை தளர்வதற்கு மாறாக மேலும் இறுகுகின்றன. பி-செலக்டினின் பிடி இவ்வாறு இழுவையில் வலுப்பதைத் தனித்தனி மூலக்கூறுகளை இழுத்துப் பார்த்தே 2003இல் நிறுவினார்கள்.

உருளும் அணு நின்றுவிட்டதாகாது. அது எந்த நேரமும் மீண்டும் ஓட்டத்தில் கலந்துவிடலாம். அதை நிறுத்துவது இன்டெக்ரின் என்ற இன்னொரு புரதக் குடும்பம். வெள்ளணுவின் மேல் இன்டெக்ரின்கள் சாதாரண வேளையில் முடங்கிய நிலையில், பிடிக்கும் திறன் குறைந்தவையாக இருக்கின்றன. உருளும்போது நாளச் சுவரின் மேல் ஒட்டியிருக்கும் கீமோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்களை அணு உணர்ந்தால், அதன் உள்ளிருந்து கிளம்பும் ஆணை ஒரு நொடிக்குள் இன்டெக்ரின்களை நிமிர்த்திவிடுகிறது. நிமிர்ந்த இன்டெக்ரின் சுவரிலுள்ள தன் இணையைக் கெட்டியாகப் பற்றியதும் அணு நிலைகொள்கிறது. பிறகு அது தட்டையாகிச் சுவரின் மேல் சிறிது தூரம் ஊர்ந்து, உள்வரிச் செல்களின் இடுக்கு ஒன்றைத் தேடித் திசுவுக்குள் இறங்குகிறது. உருளல், உசுப்பல், ஒட்டல், ஊடுருவல் என்ற இந்த வரிசையைத் தெளிவுபடுத்தியதில் யூஜின் புட்ச்சர், திமோத்தி ஸ்பிரிங்கர் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்களின் பங்கு பெரிது. 2004ஆம் ஆண்டின் கிராஃபோர்டு பரிசு இதற்காகவே இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இந்த ஒட்டும் திறன் அடியோடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிறவியிலேயே விடை சுமந்து வரும் குழந்தைகள் இருக்கிறார்கள். பீட்டா-2 வகை இன்டெக்ரின்களுக்கான மரபணு பழுதடைந்த அக்குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி உரிய காலத்தில் உதிர்வதில்லை; புண் வந்தால் சீழ் பிடிப்பதில்லை; ஆனால் இரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கையோ மிக உயர்ந்து நிற்கும். படை இருக்கிறது, இறங்க வழியில்லை. கடுமையான வகையில் எலும்பு மஜ்ஜை மாற்று செய்யாவிட்டால் பெரும்பாலும் சிறு வயதைத் தாண்டுவதில்லை. ஆகவே ‘வெள்ளணு ஒட்டுவதைத் தடுக்கும் மருந்து’ என்று கேள்விப்பட்டால் முதலில் எழ வேண்டியது அச்சம்தான். எந்த ஒட்டலை, எந்த இடத்தில் தடுக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு அது சொல்லும் விடையைப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

வெடோலிசுமாபின் விடை வியக்கத்தக்க அளவு குறுகலானது. குடலின் நுண்சிரைகள் மேட்கேம்-1 என்ற ஒரு மூலக்கூற்றைத் தம் உள்வரியில் தாங்கி நிற்கின்றன. உடலின் மற்ற நாளங்களில் இதைப் பெரும்பாலும் காண முடியாது. அழற்சி உள்ள குடலில் இதன் அளவு மேலும் கூடுகிறது. இதைப் பற்றும் இணை, ஆல்ஃபா-4-பீட்டா-7 என்ற இன்டெக்ரின். குடலோடு தொடர்புடைய நிணத்திசுக்களில் பயிற்சி பெற்ற லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்களே இதை மிகுதியாகச் சுமக்கின்றன. அப்பயிற்சியின்போது வைட்டமின் ஏ-யிலிருந்து குடலில் அப்பயிற்சியைத் தரும் கிளையுரு செல்கள் உண்டாக்கும் ரெட்டினாயிக் அமிலம்தான் ‘உன் இடம் குடல்’ என்ற முத்திரையை லிம்போசைட்டின் மேல் பதிக்கிறது. (கேரட் சாப்பிடாமல் இருந்தால் நோய் தணியுமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார், தணியாது, வேறு தொல்லைகள்தாம் வரும்.) இந்த இன்டெக்ரினுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. லிம்போசைட்டின் மேற்பரப்பில் எண்ணற்ற நுண்விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நாளச் சுவரை முதலில் தொடுபவை அவற்றின் நுனிகளே. வேறு சில இன்டெக்ரின்கள் விரல்களின் அடிவாரத்தில் ஒதுங்கியிருக்க, ஆல்ஃபா-4 வகையைச் சேர்ந்தவை நுனிகளிலேயே அமர்ந்திருக்கின்றன. அதனால் இது உருட்டவும் செய்கிறது, நிறுத்தவும் செய்கிறது. இந்த ஒன்றை மறைத்துவிட்டால் குடலுக்குள் இறங்கும் முக்கியமான வழி அடைபடுகிறது என்பதற்கு இதுவே காரணம்.

வெடோலிசுமாப் அந்த ஆல்ஃபா-4-பீட்டா-7 இணைவடிவத்தின் மேல் சென்று படியும் ஓர் எதிர்ப்பொருள். ஆல்ஃபா-4 தனியாகவோ பீட்டா-7 தனியாகவோ வேறு துணையோடு சேர்ந்திருந்தால் அதைத் தீண்டாது. பாக்டீரியாவை எதிர்க்க முதலில் ஓடும் நியூட்ரோஃபில்கள் இந்த இன்டெக்ரினைச் சுமப்பதில்லை என்பதால் அவற்றின் போக்குவரத்துக்கும் இடையூறில்லை. நுரையீரலுக்கும் மூளைக்கும் தோலுக்கும் செல்லும் வெள்ளணுக்கள் வழக்கம்போல் சென்று வருகின்றன.

இவ்வளவு குறுகலாக அமைந்தது முதலிலிருந்தே திட்டமிட்டு நடந்ததன்று. இதன் மூதாதையான ஆக்ட்-1 என்ற எலி எதிர்ப்பொருளை, கனடிய மருத்துவர் ஆண்ட்ரூ லாசரோவிட்சும் உடன் பணியாற்றியவர்களும் 1984இல் விவரித்தபோது, அது எதைப் பற்றுகிறது என்றே தெரியாது; உசுப்பப்பட்ட லிம்போசைட்டின் அடையாளம் ஒன்று என்ற அளவில்தான் அறிவிக்கப்பட்டது. அது பற்றுவது குடலுக்கான இன்டெக்ரின் என்பது பின்னால் தெரிந்தது. கொலம்பியக் காடுகளில் வாழும் காட்டன்-டாப் டாமரின் என்ற சிறு குரங்கினம், கூண்டில் வளர்க்கப்படும்போது மனிதருக்கு வருவது போன்ற பெருங்குடல் அழற்சிக்குத் தானாகவே ஆளாகிறது. அந்த நோயுற்ற குரங்குகளுக்கு ஆக்ட்-1 செலுத்தியபோது பேதி அடங்கி, குடல் திசுவின் அழற்சியும் தணிந்ததை 1996இல் வெளியான ஆய்வு காட்டியது. ஸ்பிரிங்கர் 1993இல் தொடங்கிய லூக்கோசைட் நிறுவனம் அதை மனிதருக்கேற்ற வடிவமாக்கியது. நிறுவனம் மில்லெனியத்தின் கைக்குப் போய், மில்லெனியம் 2008இல் டகேடாவின் கைக்குப் போய், ஒரு வழியாக 2014 மே மாதம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் என்டைவியோ என்ற பெயரில் ஒப்புதல் கிடைத்தது. ஆக்ட்-1 தோன்றியதிலிருந்து கணக்கிட்டால் 30 ஆண்டுகள்.

இடையில் அக்குடும்பத்தின் மூத்த மருந்து ஒன்று வாங்கிய அடியும் தாமதத்துக்கு ஒரு காரணம். நட்டாலிசுமாப் ஆல்ஃபா-4 இருக்கும் இடத்திலெல்லாம் படிவது. குடலுக்கான ஆல்ஃபா-4-பீட்டா-7 மட்டுமன்றி, மூளைக்குள் இறங்க உதவும் ஆல்ஃபா-4-பீட்டா-1-ஐயும் மறைத்துவிடும். மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு அது 2004 நவம்பரில் ஒப்புதல் பெற்று, 2005 பிப்ரவரியிலேயே விற்பனையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டது. பெரும்பாலானோர் உடலில் தூங்கிக் கிடக்கும் ஜே.சி. வைரஸ், காவல் குறைந்த மூளையில் விழித்தெழுந்து பி.எம்.எல். என்ற கொடிய மூளை நோயை உண்டாக்கியதே காரணம். கடும் கண்காணிப்பு நிபந்தனைகளோடு 2006இல் அது திரும்பி வந்தது. சொரியாசிஸுக்காக எல்.எஃப்.ஏ-1 என்ற இன்னொரு இன்டெக்ரினை மறைத்த எஃபாலிசுமாப் அதே மூளை நோயால் 2009இல் சந்தையை விட்டே போனது. இந்தப் பின்னணியைப் படித்துவிட்டு வெடோலிசுமாபுக்குக் கையெழுத்திட எவருக்கும் தயக்கம் வரும், எனக்கும் வந்தது. மூளையின் நாளங்களில் வெள்ளணுக்கள் ஒட்டும் வழியை இது தொடுவதில்லை என்று மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கிய பிறகே ஒப்புக்கொண்டேன். பி.எம்.எல். பற்றிய எச்சரிக்கை துண்டுத்தாளில் இன்னும் இருக்கிறது. நினைவுத் தடுமாற்றம், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் புதிதாக வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதும் இருக்கிறது. இருக்க வேண்டியதே.

இனி மருந்தை ஏற்றிக்கொள்ளும் அனுபவம். குப்பியில் 300 மில்லிகிராம் மருந்து வெண்ணிறக் கட்டியாக உறைந்து உலர்ந்திருக்கிறது. செவிலியர் 4.8 மில்லி தூய நீரை அதனுள் குப்பியின் சுவரோரமாக விட்டு, குலுக்காமல், வட்டமாக மெதுவாகச் சுழற்றி வைத்துவிட வேண்டும். கட்டி கரையவும் நுரை அடங்கவும் 20 நிமிடம் வரை ஆகலாம். பிறகு 5 மில்லியை உறிஞ்சி 250 மில்லி சலைன் பையில் கலந்து, அரை மணி நேரத்தில் டிரிப்ஸாக ஏற்றுகிறார்கள். முடிந்ததும் குழாயில் தங்கிய மருந்தும் உள்ளே போவதற்காக இன்னும் 30 மில்லி சலைன். நான் முதலில் சென்ற ஒரு மருத்துவமனையில் பிற ஊசிக் குப்பிகளைப் போலவே இதையும் குலுக்க முனைந்தார்கள். நுரைத்துப்போனால் அளவு சரியாக வராது என்பதோடு புரத மருந்தைக் குலுக்குவது பொதுவாகவே நல்லதன்று. புதிய இடத்தில் ஏற்றிக்கொள்பவர்கள் தயாரிப்புக் குறிப்பை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. குப்பியை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைத்திருக்க வேண்டும்; சென்னை வெயிலில் மருந்துக் கடையிலிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோகிறவர்கள் ஐஸ் பேக் வைத்த பெட்டி இல்லாமல் புறப்படக் கூடாது. நேராக மருத்துவமனையே வரவழைத்து வைத்திருந்தால் இந்தக் கவலை மிச்சம்.

ஏற்றும்போது உடலில் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. கையில் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் குத்தும் வலி, அன்று மாலை இலேசான தலைவலி, மறுநாள் சற்றே சோர்வு. என் அனுபவம் இவ்வளவே. சளி பிடித்தல், மூட்டு வலி, தலைவலி ஆகியவை ஆய்வுகளில் அடிக்கடி பதிவான தொல்லைகள். டி.என்.எஃபை முடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்தை ஏற்றிக்கொண்டவர்கள் சொல்லும் ஒவ்வாமை அமளி இங்கே அரிது. ஆனாலும் ஏற்றி முடிந்த பிறகு சிறிது நேரம் கண்காணிப்பில் உட்கார வைக்கிறார்கள். முதல் ஊசிக்குப் பின் 2ஆம் வாரத்திலும் 6ஆம் வாரத்திலும், அதற்குப் பிறகு 8 வாரத்துக்கு ஒருமுறையும் வர வேண்டும். இரத்தத்தில் இதன் அரையாயுள் ஏறத்தாழ 25 நாட்கள் என்பதால் இந்த இடைவெளி போதுமானதாகிறது.

ஏமாற்றம் தொடங்குவது இதற்குப் பிறகுதான். ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு நான்கைந்து நாட்களில் இரத்தம் நிற்பது பழகிப்போன செய்தி. அதே எதிர்பார்ப்போடு இங்கே வருகிறவர் முதல் மாதத்திலேயே மனம் சோர்ந்துவிடுவார். மருந்து செயல்படாமல் இருப்பதில்லை. சில நாட்களுக்குள் இரத்தத்திலுள்ள லிம்போசைட்டுகளின் ஆல்ஃபா-4-பீட்டா-7 முழுவதும் மறைக்கப்பட்டுவிடுகிறது. ஆனால் அது மறைப்பது இனி வரப்போகும் அணுக்களை மட்டுமே. திருவிழாக் கூட்டம் நிரம்பி வழியும் ஊரில் பேருந்து நிறுத்தத்தை மூடிவிட்டால் புதிய வரவு நிற்கும். ஏற்கெனவே வந்திறங்கியவர்கள் தத்தம் வேளையில்தான் கலைவார்கள். குடல் திசுவில் முன்பே குடியேறிய லிம்போசைட்டுகள் தம் ஆயுள் முடியும் வரை அங்கேயே இருந்து சமிக்ஞைகளைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை அடக்கும் வலிமை இம்மருந்துக்கு இல்லை. டி.என்.எஃப் எதிர்ப்பு மருந்துகள் திசுவுக்குள்ளேயே சென்று சமிக்ஞையை வாயடைப்பதால் விரைவாக வேலை செய்கின்றன. அதே காரணத்தால் உடல் முழுவதும் அதன் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வெடோலிசுமாபின் பாதுகாப்பும் அதன் மந்தமும் ஒன்றையொன்று பிரிக்க முடியாதவை என்று நான் சொல்வது இதைத்தான். மருத்துவர்கள் இதை அறிந்தே முதல் சில வாரங்களுக்கு ஸ்டீராய்டைத் துணைக்கு வைத்துப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். ஸ்டீராய்டைத் தாங்களாகவே முன்கூட்டி நிறுத்திவிட்டு ‘வெடோலிசுமாப் கேட்கவில்லை’ என்று தீர்ப்பு எழுதுபவர்களின் மதிப்புரைகளை நான் கணக்கில் கொள்வதில்லை.

எண்களைப் பார்ப்போம். பெருங்குடல் புண் அழற்சிக்கான ஜெமினி-1 ஆய்வு 2013இல் வெளியானது. 6ஆம் வாரத்தில் மருந்து பெற்றவர்களில் 47.1 சதவீதத்தினருக்கும், வெற்று ஊசி பெற்றவர்களில் 25.5 சதவீதத்தினருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. 52ஆம் வாரத்தில் நோய் தணிந்த நிலையில் இருந்தவர்கள், 8 வாரத்துக்கு ஒருமுறை மருந்து பெற்றோரில் 41.8 சதவீதம், வெற்று ஊசிக்கு மாற்றப்பட்டோரில் 15.9 சதவீதம். விளம்பரங்களில் இந்த 52ஆம் வார எண்ணே பெரிதாக அச்சாகிறது. அந்த 52 வார ஒப்பீட்டில் இடம்பெற்றவர்கள் 6ஆம் வாரத்தில் ஏற்கெனவே பலன் கண்டவர்கள் மட்டுமே என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். புதிதாகத் தொடங்கும் ஒருவர் தம் வாய்ப்பு நூற்றில் 42 என்று எண்ணிக்கொள்வது சரியாகாது.

வர்சிட்டி என்ற ஆய்வு இதனினும் எனக்குப் பயன்பட்டது. 2019இல் வெளியான அது வெடோலிசுமாபை டி.என்.எஃப் எதிர்ப்பு மருந்தான அடாலிமுமாபோடு நேருக்கு நேர் மோதவிட்டது. பெருங்குடல் புண் அழற்சியில் இரண்டு உயிரியல் மருந்துகள் இவ்வாறு ஒப்பிடப்பட்டது அதுவே முதன்முறை. 52ஆம் வாரத்தில் நோய் தணிந்தவர்கள் வெடோலிசுமாப் அணியில் 31.3 சதவீதம், அடாலிமுமாப் அணியில் 22.5 சதவீதம். ஆயினும் ஸ்டீராய்டை முற்றிலும் விட்டுத் தணிந்தவர்கள் என்று கணக்கிட்டபோது நிலைமை தலைகீழானது: வெடோலிசுமாப் அணியில் 12.6 சதவீதம், அடாலிமுமாப் அணியில் 21.8 சதவீதம். இதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. எதுவும் முழுமையாக என்னை நிறைவுபடுத்தவில்லை. ஸ்டீராய்டிலிருந்து விடுபடுவதே தலையாய நோக்கமாக உள்ளவர்கள் மருத்துவரிடம் இந்த இரண்டாவது கணக்கையும் வைத்துப் பேச வேண்டும்.

குடல் அழற்சியின் மற்றொரு வகையான குரோன் நோயில் மதிப்பெண் குறையும். ஜெமினி-2 ஆய்வில் 6ஆம் வாரத்தில் நோய் தணிந்தவர்கள் 14.5 சதவீதம் மட்டுமே. வெற்று ஊசியில் 6.8 சதவீதம். டி.என்.எஃப் எதிர்ப்பு மருந்துகள் பலனளிக்காதவர்களிடம் நடந்த ஜெமினி-3 ஆய்வில் 6ஆம் வாரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. 10ஆம் வாரத்தில்தான் 26.6 சதவீதத்துக்கு 12.1 சதவீதம் என்ற இடைவெளி தென்பட்டது. பெருங்குடல் புண் அழற்சி குடலின் உட்படலத்தோடு நின்றுவிடுவது. குரோன் குடல் சுவரின் முழுக் கனத்தையும் ஊடுருவுவது என்பதை நினைத்தால் இந்த வேறுபாடு அதிர்ச்சி தருவதன்று. ஆசனவாய்ப் பக்கத்தில் பவுத்திரம் ஓடும் குரோன் நோயாளிகளுக்கு இன்ஃப்ளிக்சிமாபின் இடத்தை இது பிடிக்கும் என்று நான் நம்பவில்லை.

நம் நாட்டில் இம்மருந்தின் பெறுமதியைக் கூட்டுவது காசநோய். உடலுக்குள் பலருக்கும் காசநோய்க் கிருமி அடைபட்டுக் கிடக்கிறது. அந்த அடைப்பைக் கட்டிக் காப்பதில் டி.என்.எஃபுக்குப் பெரும் பங்கு உண்டு. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கினர் இந்தியாவில் இருக்கும் நிலையில், டி.என்.எஃபை முடக்கும் மருந்தை இங்கே தொடங்குவது மேலை நாட்டில் தொடங்குவதைப் போன்றதன்று. குடல் காசநோயையும் குரோன் நோயையும் பிரித்தறிவது நம் மருத்துவர்களுக்கு இன்றும் தலைவலி. நோயறிதலில் ஐயம் எஞ்சியிருக்கும்போது டி.என்.எஃபின் மேல் கை வைக்க அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. நுரையீரலுக்குச் செல்லும் வெள்ளணுக்களை வெடோலிசுமாப் தடுப்பதில்லை. ஆயினும் மார்பு எக்ஸ்ரேயும், காசநோய்த் தொற்றைக் காட்டும் மாண்டூ அல்லது ஐக்ரா பரிசோதனையும் இதற்கு முன்பும் எடுக்கிறார்கள், எனக்கும் எடுத்தார்கள். தேவையற்ற செலவு என்று அதைத் தட்டிக் கழிக்க வேண்டாம். மருந்து கேட்காமல் அடுத்ததற்கு மாற வேண்டி வந்தால் அந்த முடிவுகள் கைவசம் இருக்கும்.

குடலை மட்டும் பார்ப்பது என்பதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்நோயோடு மூட்டு வீக்கம், முதுகெலும்பு இறுக்கம், கண் அழற்சி, தோல் புண் ஆகியவை வருவதுண்டு. அவற்றில் ஓடும் வெள்ளணுக்கள் வேறு மூலக்கூறுகளைப் பற்றி ஒட்டுபவை. இம்மருந்து அவற்றைத் திரும்பியும் பார்க்காது. எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் குடல் அடங்கிய பிறகும் முழங்கால் வீக்கம் அப்படியே இருந்ததால் மருந்தை மாற்ற வேண்டியதாயிற்று. மூட்டும் குடலும் சேர்ந்து படுத்துபவர்களுக்கு டி.என்.எஃப் எதிர்ப்பு மருந்தே பொருத்தம்.

விலை இம்மருந்தின் ஆகப் பெரிய குறை. ஒரு குப்பியின் விலை பல குடும்பங்களின் மாத வருமானத்தைத் தாண்டும்; முதல் 6 வாரங்களில் 3 குப்பிகள் வேண்டும். அடாலிமுமாபின் இந்தியத் தயாரிப்புகளும் டோஃபாசிட்டினிப் மாத்திரையின் ஜெனரிக் வடிவங்களும் இதைவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. டோஃபாசிட்டினிப் சில நாட்களிலேயே பலன் காட்டத் தொடங்குவது. அக்கி வரும் வாய்ப்பு அதில் கூடுதல் என்பதும், இதய நோய், இரத்தக் கட்டி, புற்றுநோய் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் கடும் எச்சரிக்கை சேர்த்தது என்பதும் தராசின் மறு தட்டில் வைக்கப்பட வேண்டியவை. மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: வெடோலிசுமாப் போல ஊசியாகத் தரப்படும் மோனோகுளோனல் எதிர்ப்பொருள் சிகிச்சையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நவீன சிகிச்சைகளின் பட்டியலில் சேர்த்தது. நிறுவனங்கள் அதற்குத் தனி உச்சவரம்பு வைக்கலாம் என்பதால், முதல் ஊசிக்கு முன்பே பாலிசியின் அந்தப் பக்கத்தைப் படித்து, டே-கேர் அனுமதியாக முன் ஒப்புதல் வாங்கிவிடுவது நல்லது. ‘வெளிநோயாளி ஊசி’ என்று பில் போட்டுவிட்டால் பிறகு அலைச்சல் நம்முடையது.

தோலுக்கடியில் தாமே போட்டுக்கொள்ளும் 108 மில்லிகிராம் பேனா வடிவம் ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2023இலும் ஒப்புதல் பெற்றது. தொடக்க டிரிப்ஸ் முடிந்த பிறகு 2 வாரத்துக்கு ஒருமுறை அதைப் போட்டுக்கொள்ளலாம். மருத்துவமனை நாற்காலியில் அரை நாள் போவது மிச்சம் என்றாலும், கூரியரில் வரும் பேனாவை மின்வெட்டு நேரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் காப்பாற்றும் பொறுப்பு வீட்டின் மேல் விழுகிறது. நான் டிரிப்ஸையே விரும்புவேன்.

என் கணக்கில் இது யாருக்கு ஏற்றது என்றால்: பெருங்குடல் புண் அழற்சி மிதமாகவோ அதற்குச் சற்று மேலாகவோ இருந்து, குடலுக்கு வெளியே தொல்லை இல்லாமல், இரண்டு மூன்று மாதம் பொறுத்திருக்கும் அளவுக்கு உடல்நிலை இடம் கொடுப்பவர்களுக்கு, முதியவர்களுக்கு, முன்பு காசநோயோ வேறு பெரிய தொற்றோ வந்து போனவர்களுக்கு. நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து முறை இரத்தமாகப் போய் மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு இதை மட்டும் நம்பித் தொடங்குவது காலத்தை வீணாக்கும். அங்கே முதலில் வேண்டியது திசுவுக்குள் இருப்பதை உடனே அடக்கும் மருந்து. தொடங்குபவர்கள் முதல் ஊசிக்கு முன் மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டால், பின்னால் ‘கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கிறது’ என்ற மனக்கணக்கை நம்ப வேண்டியிருக்காது. 14ஆம் வாரத்துக்குள் எந்தப் பலனும் தெரியாவிட்டால் நிறுத்திவிடும்படி அமெரிக்க மருந்துக் குறிப்பே சொல்கிறது. ஓரளவு பலன் தெரிந்து நிற்பவர்களுக்கு இடைவெளியை 4 வாரமாகக் குறைத்துப் பார்க்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். செலவு இரட்டிப்பாகும் என்பதால், அதற்குச் சம்மதிக்கும் முன் மீண்டும் ஒரு கால்புரோடெக்டினும் முடிந்தால் பெருங்குடலின் கடைப்பகுதியைக் குழாய் விட்டுப் பார்க்கும் ஒரு சிக்மாய்டோஸ்கோப்பியும் எடுத்து, குடலில் எஞ்சியிருப்பது உண்மையிலேயே அழற்சிதானா என்று உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள்.